பெரிய கிராணி வீட்டு ஆர்கனும் நான் திருடிய ஆறு ரீடுகளும்

என் வாழ்நாளில் நான் திருடியது மொத்தம் ஆறு பொருள். ஆறும் பித்தளை. ஆறும் ஒரே வீட்டில், ஒரே பெட்டியிலிருந்து, வாரத்துக்கு ஒன்றாக, நல்ல பகல் வெளிச்சத்தில், அந்த வீட்டார் போட்ட சோற்றை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு எடுத்தவை. விற்கப் போனால் பழைய இரும்புக் கடைக்காரன்கூடச் சிரிப்பான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எப்படியும் எங்கள் ரயில்வேப் பேட்டை பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேருக்குப் பெரிய கிராணி வீட்டுப் பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய், எஸ்டேட்டிலும் ரயில்வேயிலும் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ரயில்வே ஸ்டோரில் சின்ன கிராணி. (கிராணி என்றால் குமாஸ்தா. கப்பலை விட்டு இறங்கியதும் சூடு போட்ட மாதிரி இந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.) கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். மற்ற மூவருக்கும் வேலை போய், ஒவ்வொருவராக ஊருக்குக் கப்பலேறினார்கள். கடைசியில் அந்த அறையில் நாலு பாய், நாலு தலையணை, ஒரு நான்.

வார நாட்களில் சமாளித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் உதறல். ஆபீஸ் இல்லையென்றால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஜீவன் கிடையாது. சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து திங்கட்கிழமை காலை வரை நான் பேசுகிற மொத்தப் பேச்சு, "ஒரு தேத்தண்ணி." அதற்கும் கடைக்காரர் பதில் பேசுவதில்லை. டம்ளரைத்தான் வைப்பார். என்னிடம் வாய் ஓயாமல் பேசிய ஒரே மனிதர் முடி வெட்டுகிற அண்ணன். அதனால் வாரா வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். மூன்றாம் மாதம் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"தம்பி, இனிமே வெட்டணும்னா தோலைத்தான் வெட்டணும். ரெண்டு மாசம் கழிச்சு வாங்க."

இதைச் சொல்லி நான் பல பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அன்று அறைக்குத் திரும்புகிற வழியில் எனக்கு அழுகை வந்ததை மட்டும் சொல்வதில்லை.

எங்கள் ஸ்டோரின் பெரிய கிராணி சிங்காரவேலு. ஆறடி உயரம், கஞ்சி போட்ட கோட்டு, வாயில் மூன்றே வார்த்தை: "சரி", "இல்லை", "பார்க்கலாம்". அவர் ஒரு சனிக்கிழமை என் மேசைக்கு வந்து நின்றார். என் வேலையும் போய்விட்டது என்று நினைத்து நான் எழுந்தே விட்டேன்.

"ஆர்கன் ரிப்பேர் தெரியுமாமே?"

தெரியும் என்று ஆபீஸ் முழுவதும் அளந்திருந்தவன் நான்தான். திருவாரூரில் ஒரு நாடகக் கம்பெனியின் கால் ஆர்மோனியமே என் கையால்தான் பாடியது என்று சொல்லியிருந்தேன். உண்மை என்னவென்றால், ஓர் ஆர்மோனியக் கடையின் மாடியில் ஒரு வருஷம் குடியிருந்தேன். பொழுது போகாதபோது கீழே போய் உட்கார்ந்து, அவர்கள் ரீடு சுரண்டுவதையும் துருத்தி ஒட்டுவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுக்கு வரச் சொல்லி ஒரு மனிதர் கேட்கும்போது தெரியாது என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

"நல்லாத் தெரியும், ஐயா" என்றேன்.

"சரி" என்றார்.

ரயில்வே குவாட்டர்ஸில் அவர் வீடு. கூடத்தில் ஒரு பெரிய கறுப்பு மரப் பெட்டி நின்றது. மேலே வெங்காயக் கூடை, தையல் சாமான், குழந்தைகளின் பாவாடை. எல்லாவற்றையும் இறக்கிய பிறகுதான் அது ஆர்கன் என்று தெரிந்தது. முன்பக்கம் கொடி கொடியாகச் செதுக்கிய வேலைப்பாடு, மெழுகுவர்த்தி வைக்க இரண்டு தட்டு, கீழே காலால் மிதிக்க இரண்டு பலகை. பெரிய கிராணியின் மனைவி லோகாம்பாள் நாகப்பட்டினத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் இதை வாசிக்கக் கற்றவர். பள்ளிக்கூடத்தில் இதைத் தள்ளிவிட்டபோது அவருடைய அப்பா வாங்கி வைத்திருந்து, கல்யாணச் சீரோடு கப்பலில் அனுப்பினார். அப்போதே அதற்கு ஐம்பது வயதுக்கு மேல். கப்பலின் அடித்தட்டில் கடல்தண்ணீர் புகுந்து, கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும்போதே ஊமையாகிவிட்டது. ஒன்பது வருஷமாக அது வெங்காயம் வைக்கத்தான் பயன்பட்டது.

"உயிர் வருமா தம்பி?" என்று லோகா அக்கா கேட்டார். டாக்டரிடம் கேட்கிற குரல் அது.

"வரும் அக்கா. நாள் பிடிக்கும்."

முதல் ஞாயிறு பெட்டியைத் திறந்து எலிக்கூடுகளை எடுத்ததோடு சரி. கிளம்பும்போது அக்கா வாசலை மறித்தார். "எங்க வீட்டுல வேலை செஞ்சவங்க கை நனைக்காமப் போகக்கூடாது. உக்காருங்க." வாழையிலை போட்டு, மீன் குழம்பு ஊற்றி, இரண்டு பெண் குழந்தைகளும் என் எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதை வேடிக்கை பார்க்க, அக்கா பேசினார். நானும் பேசினேன். என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றுமில்லை. கத்தரிக்காய் விலை, பக்கத்து வீட்டுச் சேவல், துரை வீட்டு அம்மாவின் தொப்பி. ஒருவர் பேச இன்னொருவர் பதில் சொன்னோம், அவ்வளவுதான். (பெரிய கிராணி ஞாயிறு முழுக்கக் கிளப்பில் சீட்டாடுவார். அங்கேயும் அந்த மூன்று வார்த்தைதானாம்.) வேறு மாதிரி எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவர். என்னைக் குழந்தைகளோடு சேர்த்துத்தான் அதட்டுவார்.

வேலை என்னவோ உண்மையாகவே நன்றாக நடந்தது. எனக்கே ஆச்சரியம். துருத்தித் துணி இற்றுப் போயிருந்தது. ஸ்டோரில் கண்டமென்று கழித்துப் போட்ட ரயில்வே மழைக்கோட்டு ஒன்றை, பெரிய கிராணியின் "பார்க்கலாம்" பெற்று, வெட்டி ஒட்டினேன். ரப்பர் பூசிய முரட்டுத் துணி. காற்று ஊசிமுனை அளவுகூடக் கசியவில்லை. ரீடுகளை ஒவ்வொன்றாகக் கம்பிக் கொக்கியால் இழுத்து, பச்சைக் களிம்பைத் தேய்த்து எடுத்தேன். ரீடு என்பது விரல் நீளப் பித்தளைத் தகட்டில் ஒரு மெல்லிய நாக்கு. விரலால் அழுத்துகிற கட்டைக்கு ஒன்றாக வரிசையாகச் செருகியிருக்கும். எட்டாவது ஞாயிறு மிதித்து அழுத்தியபோது ஒன்றிரண்டைத் தவிர எல்லாக் கட்டையும் பேசின. அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்து, கரண்டியோடு நின்றார்.

"இன்னும் எத்தனை நாள் தம்பி?"

"அடுத்த ஞாயிறு முடிஞ்சிடும் அக்கா."

சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு என்ன செய்வேன் என்று அப்போதுதான் உறைத்தது. நாலு பாயும் நாலு தலையணையும் கண் முன்னால் வந்தன. அக்கா உள்ளே போனதும் நடு வரிசையில் ஒரு ரீடை இழுத்தேன். இருமல் மிட்டாய் டப்பாவில் போட்டேன். சட்டைப் பையில் வைத்தேன். "உப்பு உள்ள ஊறிப் போயிருக்கு அக்கா. ஒண்ணு சரியானா ஒண்ணு படுத்துக்குது" என்று சொல்லிவிட்டு, அன்று இரண்டு முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் இரண்டாவது. அதற்கடுத்த வாரம் மூன்றாவது. இப்படி நான் நிதானமாகத் திருடிக்கொண்டிருக்கும்போது ஓர் அதிசயம் நடந்தது. ஒரு ஞாயிறு பெட்டியைத் திறந்தால் மூன்று இடம் காலியாக இருக்க வேண்டும், நாலு இருந்தது. டப்பாவைத் திறந்து எண்ணினேன். மூன்றுதான். பிறகு என்னுடையது ஐந்து என்றால் காலி எட்டு. நான் ஒன்று எடுத்தால் ஆர்கன் தானாக ஒன்றை விழுங்கியது. எலி பித்தளை தின்னுமா? தெருவில் தவறவிட்டேனா? யாரிடம் கேட்பது? திருடன் போய்ப் பொருள் காணவில்லை என்று புகார் கொடுக்க முடியுமா!

நான் வெட்கப்பட வேண்டிய ஞாயிறு ஒன்று உண்டு. நான் சற்று முன்னதாகவே போய்விட்டேன். கதவு திறந்திருந்தது. அக்கா ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தார். மிதிக்கவில்லை. சத்தமே இல்லாமல் கட்டைகளின் மேல் விரல் ஓடிக்கொண்டிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்தவரிடமிருந்து நான் பாட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு சோறு வாங்கித் தின்றுகொண்டிருக்கிறேன் என்று அன்று தெளிவாகத் தெரிந்தது. தெரிந்து என்ன? அன்றைக்குத்தான் ஆறாவது ரீடை எடுத்தேன். தனிமை மனுஷனை உருக்கி நல்லவனாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வினை துரை வடிவில் வந்தது. எங்கள் பெரிய துரை சீமைக்குத் திரும்புகிறார், பிரியாவிடை விழா, ரயில்வே ஹாலில். வழக்கமாக வாசிக்கிற பாண்டுக்காரர்கள் சிங்கப்பூர் போய்விட்டார்கள். இங்கிலாந்து ராஜ வாழ்த்து வாசிக்க ஆள் வேண்டும். பெரிய கிராணி துரை முன்னால் முதல்முறையாக நாலாவது வார்த்தை பேசினார்: "என் சம்சாரம் வாசிப்பாங்க." சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆர்கன் ஆயிடும்ல?"

"ஆயிடும் ஐயா" என்றேன். வேறென்ன சொல்வது?

விழா அன்று மத்தியானம் எட்டுப் பேர் ஆர்கனை மாட்டு வண்டியில் ஏற்றி ஹாலுக்குக் கொண்டுபோய் மேடையில் வைத்தார்கள். வண்டிக்காரர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ள துரையையே போட்டுப் பூட்டி வெச்சிருக்கீங்களா லா?" என்று இந்த ஊர் 'லா' போட்டுக் கேட்டுவிட்டுப் போனார். ஆட்கள் தேத்தண்ணிக்குப் போன சமயம் நான் பின்பக்கம் புகுந்து பலகையைக் கழற்றினேன். பத்து இடம் காலி. என் கையில் ஆறு. என் ஆறையும் அதனதன் இடத்தில் செருகினேன். மீதி நாலு இடமும் நட்டநடுவில், சரியாக அந்தப் பாட்டுக்கு வேண்டிய இடத்தில் பல் போன வாய் மாதிரி இருந்தன.

அப்போது எனக்கு ஒரு மகா யோசனை தோன்றியது. பாட்டு எட்டாத மேல் சுரப் பக்கத்திலிருந்து நாலு ரீடைப் பிடுங்கினேன். நடுவில் செருகினேன். கொஞ்சம் லொடலொடத்தது; சிகரெட் அட்டையைக் கிழித்து இடுக்கில் திணித்தேன். சுரம் மாறுமே? பேனாக்கத்தியால் நாக்கைச் சுரண்டிச் சரி செய்தேன். வாசித்துப் பார்க்க முடியாது, முன்வரிசையில் ஆட்கள் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். காதால் கேட்காமல் சுரம் சேர்த்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். குளித்து உடுத்த அறைக்கு ஓடினேன்.

மாலை. ஹால் நிறைந்திருந்தது. துரை, துரைசானி, மற்ற துரைமார்கள், பதக்கம் குத்திய போலீஸ் அதிகாரி ஒருவர், எங்கள் ஆட்கள் இருநூறு பேர். லோகா அக்கா அரக்குப் பட்டுப் புடவையில் மேடையேறினார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை வாசிக்கப் போகிற முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் ஓடிவிடலாம் என்று தோன்றியது. அதற்குள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். போலீஸ் அதிகாரி சலாம் வைத்துவிட்டார்.

ராஜ வாழ்த்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஆரம்பித்தால் முடிகிற வரை அசையக்கூடாது. இருமக்கூடாது. சிரித்தால் வேலை போகும்.

முதல் இரண்டு சுரமும் ஒரே சுரம். அழகாக வந்தது. மூன்றாவது ஒரு படி மேலே ஏற வேண்டியது. மாடிக்கே போய்க் கீச்சென்று அலறியது. நாலாவது மிதிபட்ட பூனை. அக்கா திடுக்கிட்டு நிறுத்தி, தன் விரல்தான் தவறிவிட்டது என்று நினைத்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் பூனை. மூன்றாம் தடவையும் ஆரம்பித்தார். ராஜாவுக்கு ஒரே மாலையில் மூன்று வாழ்த்து. துரையின் முகம் தக்காளியாகச் சிவந்தது. துரைசானியின் தோள் குலுங்கியது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் நிற்க, கடைசி வரை வாசித்து முடித்துக் கையை எடுத்தார்.

ஆர்கன் நிற்கவில்லை. நான் திணித்த சிகரெட் அட்டைத் துண்டு ஒன்று உள்ளே விழுந்து ஏதோ ஒரு காற்றுத் துளை மூடியை மூடவிடாமல் பிடித்துக்கொண்டது. 'ங்ங்ங்ங்' என்று ஒற்றைச் சுரம், யாரும் தொடாமலே, போய்க்கொண்டேயிருந்தது. பாட்டு முடிந்ததா இல்லையா? யாருக்கும் தெரியவில்லை. யாரும் உட்காரத் துணியவில்லை. சாதாரணத் துருத்தியாக இருந்தால் உடனே காற்று போயிருக்கும். என்னுடையது ரயில்வே மழைக்கோட்டு. என் வேலையிலேயே அன்று ஒழுங்காக உழைத்தது அது ஒன்றுதான். ஒரு யுகம் கழித்து, பெருமூச்சு விட்ட மாதிரி அந்தச் சத்தம் தேய்ந்து அடங்கிய பிறகு, இருநூறு பேரும் ஒரே நேரத்தில் நாற்காலியில் விழுந்தார்கள்.

விழா முடிந்து துரை பெரிய கிராணியின் கையைக் குலுக்கி, இந்த நாட்டில் தான் இவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்றதே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய கிராணி மேடைக்குப் பின்னால் வந்தார். அங்கே அக்காவும் நானும் திறந்த பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். ஒரே வார்த்தை கேட்டார்.

"யாரு?"

"நான்தான்" என்றேன்.

"நான்தான்" என்றார் அக்கா.

இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். முதலில் நான் கொட்டினேன்: டப்பா, ஆறு ரீடு, எல்லாம். அக்கா கேட்டுக்கொண்டே தலையில் கை வைத்தார்.

"ஆறு உங்க வேலையா? நான் நாலுதான் எடுத்தேன், கொண்டை ஊசியால. கடுகு டப்பாவுல போட்டு வெச்சேன். நீங்க குளிக்கப் போன நேரம் வந்து பார்த்தா, என் இடம் நாலுலயும் ரீடு இருந்துச்சு. நாமதான் இடத்தை மறந்துட்டோம்னு நெனைச்சு, மேல் பக்கம் காலியா இருந்த நாலுல வெச்சுட்டேன். போகல. பாக்கு இடிக்கிற உலக்கையால தட்டி வெச்சேன்."

"நீங்க ஏன்க்கா எடுத்தீங்க? வாசிக்கணும்னுதானே இத்தனை பாடு?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. ஆர்கனைப் பார்த்துத்தான் சொன்னார். "வேலை முடிஞ்சா நீங்க வரமாட்டீங்க. காலையிலேர்ந்து பொழுது சாயுற வரைக்கும் ஒரு பேச்சுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாத வீட்டுல பாட்டு வாசிச்சு, யாரு கேக்கறது?"

பெரிய கிராணி கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டார். எல்லாவற்றையும் ஏற்கெனவே போட்டிருந்தார் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வெளியே போய்விட்டார்.

அந்த ஞாயிறு நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? பாயில் படுத்து, மற்ற மூன்று பாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தேத்தண்ணி என்றுகூட அன்று யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆபீஸில் பியூன் ஓர் உறையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். வேலை போய்விட்டது, கப்பல் டிக்கெட் என்று நினைத்துத்தான் பிரித்தேன். ஸ்டோர் முத்திரை குத்தி, இங்கிலீஷில் டைப் அடித்த உத்தரவு. தமிழில் சொல்கிறேன்:

"சின்ன கிராணி நடராஜனுக்கு. ஒன்று: மேற்படியார் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்குப் பெரிய கிராணியின் குவாட்டர்ஸில் ஆஜராகி ஆர்கனைப் பரிசோதிக்க வேண்டும். இரண்டு: மேற்படி நேரத்தில் பெரிய கிராணியும் வீட்டில் இருக்க வேண்டும். மூன்று: பழுது ஏதும் இல்லாவிட்டாலும் பரிசோதனை நடைபெற வேண்டும். நான்கு: இது மறு உத்தரவு வரும் வரை அமலில் இருக்கும்."

கீழே அவர் கையெழுத்து. நகல் இரண்டு: ஒன்று கோப்புக்கு, ஒன்று திருமதி லோகாம்பாளுக்கு.

போனேன். பெரிய கிராணி கோட்டு இல்லாமல், வேட்டியோடு, கூடத்தில் விருந்தாளி மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தார். இடம் மாறிய எட்டு ரீடையும் ஒரே மணி நேரத்தில் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தேன். சுரண்டிய நாலையும் மட்டும் சரிப்படுத்தவே முடியவில்லை. மேல் பக்கம் நாலு கட்டை இன்றும் கரகரவென்றுதான் பேசும். அன்று அக்கா வாசித்தார். பெரிய கிராணி முழுவதும் கேட்டுவிட்டு, "இன்னொண்ணு" என்றார். அவருடைய ஐந்தாவது வார்த்தை.

அதன் பிறகு அந்த வீட்டில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் சாப்பிட்டு எழுந்து செருப்பை மாட்டினால் போதும், மூத்தவள் மங்களம் உள்ளேயிருந்து கத்துவாள்: "சித்தப்பா, மறு உத்தரவு வந்திடுச்சா?" பெண்களுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளைகளும் அதைப் படித்துக்கொண்டார்கள். பேரக் குழந்தைகளுக்கு என் பெயரே 'உத்தரவு தாத்தா'. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கான காரணங்களைச் சொன்னால் அது வேறு கட்டுரை, அதில் சிரிப்பு குறைவு.

பெரிய கிராணி போன வருஷம் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் கலைந்து போனார்கள். அடுத்த ஞாயிறு நான் தயங்கினேன். கையெழுத்துப் போட்டவரே இல்லை. இனி நான் அந்த வீட்டுக்கு யார்? பத்து மணி தாண்டி, பதினொன்று தாண்டி, கால்தான் என்னை இழுத்துக்கொண்டு போனது. வாசலில் நின்றேன். கதவைத் தட்டவில்லை.

அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கதவைத் திறந்தார். வெள்ளைப் புடவை, நரைத்த தலை, பழைய அதட்டல்.

"ஏன் லேட்டு? உத்தரவு போட்டவர்தான் போயிட்டார். உத்தரவை ரத்து பண்ணிட்டா போனார்?"

உள்ளே போனேன். அக்கா இலை போட்டார்.